தண்டர் தணிகையின் வலது கால்

மார்ச் 5, புதன்

திருநீற்றுப் புதன். நெற்றியில் சாம்பலோடு நின்ற எங்கள் எல்லோருக்கும் ஃபாதர் சூசைமாணிக்கம் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்தார். இந்தத் தவக்காலத்தில் எதை விடப்போகிறீர்களோ அதை எழுதிப் பெட்டியில் போடுங்கள், ஈஸ்டர் நெருப்பில் எரித்துவிடலாம் என்றார். எனக்கு முன்னால் நின்றவர் ‘சிகரெட்’ என்று எழுதினார். வருடா வருடம் அதைத்தான் எழுதுகிறார். என் மனைவி பிலோமினா ‘சீரியல்’ என்று எழுதினாள். எந்த சீரியல் என்று எழுதவில்லை, கெட்டிக்காரி. நான் ‘கறி’ என்று எழுதப்போனேன். டாக்டர் ஏற்கெனவே பிடுங்கிக்கொண்டதை ஆண்டவருக்குக் காணிக்கை என்று நீட்டினால் அவர் கண்டுபிடிக்க மாட்டாரா? யோசித்து, ‘தணிகைவேல்மேல் பொறாமை’ என்று எழுதினேன்.

பிலோ எட்டிப் பார்த்தாள். “கறியே விட்டிருக்கலாம். சுலபமா இருந்திருக்கும்.”

தினமும் எழுதிவைத்தால் ஒழுங்கு வரும் என்று வீட்டில் டைரி தேடினேன். 2003ஆம் வருடத்து இன்சூரன்ஸ் டைரி ஒன்று அகப்பட்டது. ஏதோ ஒரு பக்கம் தவிர எல்லாம் காலி. அதிசயம் என்னவென்றால், அந்த வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் தேதி, கிழமை எல்லாம் அச்சு அசல் ஒன்று. ஈஸ்டர்கூட அதே ஏப்ரல் 20.

மார்ச் 6, வியாழன்

காரணத்தை எழுதிவிடுகிறேன். பின்னால் யாராவது படித்தால், சும்மா கிடந்து எரிகிறவன் என்று என்னை நினைத்துவிடக் கூடாது.

2000இல் பெரம்பூரில் ‘கொள்ளிவாய்’ என்று ஒரு ஹெவி மெட்டல் குழுவைத் தொடங்கினோம். பாட்டு கோதண்டம். பாட்டு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். தண்ணீர் லாரி பின்னால் வரும்போது ஒருவன் கால்மேல் ஏறினால் என்ன சத்தம் வருமோ அதைத் தாளத்தோடு போடுவான். டிரம்ஸ் நான், எட்வின் சவரிமுத்து. அப்போது எனக்குத் தோள்வரை முடி இருந்தது. மெட்டலில் டிரம்ஸ் அடிப்பவனுக்கு இரண்டு கையும் இரண்டு காலும் எவ்வளவு முக்கியமோ முடியும் அவ்வளவு முக்கியம்.

2003 தவக்காலத்தில் அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். ஊரில் எல்லோரும் கறியை விட்டு வேண்டிக்கொண்டபோது நான் ஒரு வேகத்தில், நாற்பது நாள் டிரம்ஸைத் தொட மாட்டேன் என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டேன். அம்மா பிழைத்துக்கொண்டாள். நான்தான் போனேன். மூன்றாம் வாரம் பெங்களூரில் கச்சேரி இருந்தது. கல்யாண ஊர்வலத்து பேண்டில் சின்ன டிரம் அடித்துக்கொண்டிருந்த எங்கள் தெரு தணிகைவேலை நானே பிடித்துக் கொடுத்தேன். குச்சியைத் தொடக் கூடாதே, அதனால் ஒன்பது பாட்டையும் பதினொரு நாளில் வாயாலேயே அவனுக்குச் சொன்னேன். ‘தும் தும் தடதட டமால்.’ ஆபரேஷன் அம்மாவுக்கா இவனுக்கா என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

ஈஸ்டர் முடிந்தது. “இன்னும் ஒரே ஒரு ஷோ அவனே வாசிக்கட்டும் மச்சி” என்றான் கோதண்டம். அந்த ஒரு ஷோ இருபத்திரண்டு வருடமாக நடக்கிறது. தணிகைவேல் இப்போது ‘தண்டர் தணிகை’. ஜெர்மனியில் வாசித்திருக்கிறான். மலேசியாவில் ஒரு பையன் அவன் முகத்தை முதுகில் பச்சை குத்தியிருக்கிறானாம். அந்தப் பையனின் அம்மாவை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது.

நான் டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டர். என் காலுக்கடியிலும் இரண்டு பெடல் இருக்கிறது. கிளட்ச், பிரேக்.

மார்ச் 7, வெள்ளி

பேப்பரில் அரைப்பக்கம் தணிகை. ஏப்ரல் 26இல் கொள்ளிவாயின் இருபத்தைந்தாம் ஆண்டு நிகழ்ச்சி, நாலாயிரம் பேர் கொள்ளும் அரங்கம். ‘இந்தியாவின் அதிவேகக் கால்கள்’ என்று தலைப்பு. தொடங்கியவர்கள் பட்டியலில் என் பெயர் ‘முதலியோர்’.

பொறாமைப்படவில்லை. அந்தப் பக்கத்தை மடித்து மீன் சுத்தம் செய்யப் போட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

மார்ச் 10, திங்கள்

காலை ஏழு மணி வகுப்புக்குப் புது ஆள். பெயரைப் பார்க்காமல் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தால், தணிகை. கறுப்பு பனியன், பின்னால் கட்டிய கூந்தல். அந்தக் கூந்தலில் பாதி அவனுடையது இல்லை, அண்ணா நகரில் நட்டுக்கொண்டு வந்தது என்று எனக்கு நம்பகமான இடத்திலிருந்து தகவல் உண்டு.

கார் வாங்கியிருக்கிறானாம், ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். சென்னையில் இருநூறு டிரைவிங் ஸ்கூல் இருக்கும்போது இங்கே ஏன் வந்தாய் என்று கேட்டேன். “உன்கிட்ட கத்துக்கிட்டது எதுவும் எனக்கு வீண் போனதில்லடா” என்றான்.

இதைவிட ஒரு மனிதனைக் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

மார்ச் 11, செவ்வாய்

பிலோவிடம் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். நாளைக்கு அவனை வீட்டுக்குக் கூட்டிவரச் சொல்கிறாள், வெள்ளையப்பம் சுடப்போகிறாளாம். என் பிறந்தநாளுக்கு ரவா உப்புமா.

மார்ச் 14, வெள்ளி

ஒரு விஷயம். டிரைவிங் ஸ்கூல் காரில் மாணவனின் பிரேக்கும் மாஸ்டரின் பிரேக்கும் கம்பியால் பிணைத்திருக்கும். அவன் மிதித்தால் என் பக்கத்துப் பெடலும் தானாக இறங்கும், விட்டால் ஏறும். என் கால் அதன்மேல் சும்மா கிடக்கும். பதினாறு வருடமாக ஊராரின் பாதங்களை என் பாதத்தால் படித்துக்கொண்டிருக்கிறேன். சரோஜினி டீச்சர் என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் படிக்கிறார். பயந்தால் இரண்டு காலையும் தூக்கி பிரேக்கில் வைப்பார். அவர் மிதிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.

தணிகையின் வலது கால் சரியில்லை. மிதிப்பது சரியாகத்தான் மிதிக்கிறது. எடுக்க மாட்டேன் என்கிறது. பாதம் ஈரத்துணி மாதிரி பெடலில் ஒட்டிக்கொண்டு, ஒரு விநாடி கழித்துத்தான் மேலே வருகிறது. முதல் நாள் பயம் என்று நினைத்தேன். நாலாம் நாளும் அப்படியே. இடது கால் கிளட்சில் பட்டாம்பூச்சியாகப் பறக்கிறது.

மெட்டலில் பெரிய டிரம்மை அடிப்பது கால்தான்; ஒரு விநாடிக்குள் பெடலில் ஏழெட்டு முறை ஏறி இறங்க வேண்டும்.

எனக்குச் சந்தோஷம் வந்தது என்று இங்கே எழுத மாட்டேன். தவக்காலம்.

மார்ச் 16, ஞாயிறு

பூசை முடிந்து ஸ்கூலுக்குப் போய், நிறுத்தியிருந்த காரில் உட்கார்ந்து, காதில் ஒயரைச் செருகி, கொள்ளிவாயின் புது ஆல்பத்தைப் போட்டு, கிளட்சையும் பிரேக்கையும் மிதித்துப் பார்த்தேன். சும்மாதான். உடற்பயிற்சி.

முதல் பாட்டில் நாற்பது விநாடி தாங்கினேன். பிறகு கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டு ஸ்டீரிங்கில் மூக்கு இடித்தது. ஜன்னலில் சரோஜினி டீச்சர். வகுப்பு நாளைக்கு என்பதை மறந்து வந்திருக்கிறார். “பிரேக் பிடிக்கலையா மாஸ்டர்? நான் வேணா மெக்கானிக்கக் கூப்பிடட்டுமா?”

மார்ச் 17, திங்கள்

ஐம்பத்தைந்து விநாடி.

மார்ச் 19, புதன்

ஒன்றரை நிமிடம். இது பொறாமையில் சேராது.

மார்ச் 22, சனி

கோதண்டம் கூப்பிட்டான். இருபத்திரண்டு வருடம் கழித்து, நேற்றுத்தான் டீக்கடையில் பிரிந்தவன் மாதிரி “மச்சி” என்றான். தணிகை தினமும் உன்னிடம் கார் பழகுகிறானாமே என்று சுற்றி வளைத்தான். பிறகு விஷயத்துக்கு வந்தான். தணிகை ரிகர்சலைத் தள்ளித் தள்ளிப் போடுகிறானாம், வேகப் பாட்டுகளை எல்லாம் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்கிறானாம், படி ஏறும்போது ஒரு பக்கம் சாய்கிறானாம்.

“நீ பக்கத்துலயே உக்காந்து பாக்கறவன். அவன் கால் எப்படிடா இருக்கு? நல்லா இல்லன்னா ஒரு வார்த்த சொல்லு. இருபத்தஞ்சாவது வருஷம், ஆரம்பிச்ச டிரம்மரே திரும்ப வந்து உக்காறான்னா ஜனம் அழுதுடும். பழைய பாட்டா பொறுக்கிப் போட்டுக்கலாம். ஸ்டூல் உனக்குத்தான்.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். போனை வைத்த பிறகு பத்து நிமிடம் என்ன செய்தேன் என்று ஞாபகமில்லை. பிலோ வந்து, ஏன் கண்ணாடி முன்னால் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிறீர்கள் என்றாள்.

மார்ச் 23, ஞாயிறு

ஒரு வார்த்தை. பொய்கூட இல்லை, உண்மை. பார்க்கப்போனால் அது அவன் உடம்புக்கும் நல்லது. நாளைக்கு மேடையில் விழுந்து கிடந்தால்? நண்பனாக என் கடமை.

இந்த வரியை மூன்று தடவை படித்துப் பார்த்தேன். நன்றாக எழுதியிருக்கிறேன்.

மார்ச் 24, திங்கள்

கோதண்டத்தின் எண்ணை இரண்டு தடவை போட்டேன். ஒரு தடவை பிஸி. இன்னொரு தடவை நானே பிஸி ஆகிவிட்டேன்.

மார்ச் 26, புதன்

வகுப்பு முடிந்து மைதானத்தின் ஓரமாகக் காரை நிறுத்தச் சொல்லி, கேட்டுவிட்டேன். “கால எப்பலேந்துடா தூக்க முடியல?”

தணிகை ஸ்டீரிங்கை விடாமலே சொன்னான். டிசம்பரிலிருந்தாம். இடுப்பில் ஏதோ நரம்பு நசுங்கி, பாதத்தைத் தூக்கும் சக்தி போய்க்கொண்டிருக்கிறதாம். மே ஐந்தாம் தேதி ஆபரேஷன். சரியாகிவிடும் என்கிறார் டாக்டர், ஆனால் ஏழெட்டு மாதம் ஆகும். வீட்டில் மனைவிக்குத் தவிர யாருக்கும் தெரியாது.

“சொல்லிட்டு லீவு எடு. கோதண்டம் என்ன கொன்னா போடுவான்?”

“வேற ஆள வெப்பான். ஒரே ஒரு ஷோன்னு வெப்பான்.” வெளியே கிரிக்கெட் ஆடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “ரெண்டு கிட்டார்காரன அப்படித்தான் அனுப்பினான். பெங்களூர்ல ஒரு பையனை இப்பவே பேசி வெச்சிருக்கான். எனக்குத் தெரியாதாடா? நான் எப்படி உள்ள வந்தேன்?”

சொல்ல எனக்கு வாயில் நிறைய இருந்தது.

“காருல பெடல் ரெண்டும் சேந்து இறங்குமே, உனக்குத் தெரிஞ்சிடும்னுதான் வந்தேன்” என்றான். “வாயால சொல்ல வரல.”

பிறகு கேட்டான். கேட்டதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கே இன்னும் நம்பிக்கை வரவில்லை. மெட்டல் மேடையில் காலால் அடிக்கும் பெரிய டிரம்மின் சத்தம் அந்த டிரம்மிலிருந்து வருவதில்லை. பெடலில் ஒரு சின்ன உணர்வி இருக்கும். கால் பட்டதும் அது, எல்லாச் சத்தத்தையும் கலக்கும் மிக்ஸர் மெஷினுக்கு ஒரு துடிப்பை அனுப்பும், சத்தத்தை மிக்ஸர் போடும். பெடல் எங்கே இருக்கிறது என்று மிக்ஸருக்கு அக்கறை இல்லை. டிரம்ஸுக்குப் பின்னால், கறுப்புத் துணிக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் சரி. யாருடைய கால் என்றும் அது கேட்காது.

கை அவனுடையது, கால் என்னுடையது. முன்னால் அவன் காலைச் சும்மா ஆட்டிக்கொண்டிருப்பான். மிக்ஸரை இயக்கும் பஷீருக்கு மட்டும் தெரியும். கோதண்டத்துக்கு நான் சாமான் தூக்க வந்த உதவியாள்.

“வேற யாரும் கிடைக்கலையா?”

“அந்தப் பாட்டுங்களோட கால் யாருதுடா?”

மார்ச் 27, வியாழன்

ஆக, என் முன்னால் இரண்டு கதவு. கோதண்டத்தின் கதவைத் திறந்தால் ஸ்டூல், விளக்கு, நாலாயிரம் பேர், பேப்பரில் ‘முதலியோர்’ இல்லாமல் முழுப் பெயர். தணிகையின் கதவைத் திறந்தால் கறுப்புத் துணி.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மார்ச் 28, வெள்ளி

மதியம் கோதண்டம் மறுபடி கூப்பிட்டான். “என்ன மச்சி, கால் எப்படி?”

“தங்கமா இருக்கு” என்றேன். “நேத்து பிரேக்க மிதிச்ச மிதியில என் பல்லு ஆடிடுச்சு. அவன் படி ஏறும்போது சாயறது ஸ்டைலுக்குடா.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு உட்கார்ந்து ஆராய்ந்தேன். ஒன்று, அவன் சோற்று நேரத்தில் கூப்பிட்டான். இரண்டு, என்னைப் பார்த்து ஜனம் அழும் என்றது எனக்குப் பிடிக்கவில்லை. நான் என்ன இழவு வீடா? மூன்று, பழைய பாட்டாகப் பொறுக்கிப் போடுகிறேன் என்றான். புதுப் பாட்டு எனக்கு வராது என்று அவனாகவே எப்படி முடிவு கட்டலாம்? இந்த மூன்று காரணமும் போதும். நான்காவது எதுவும் இல்லை.

ஏப்ரல் 2, புதன்

பயிற்சி ஆரம்பம். இடம் டிரைவிங் ஸ்கூல் காருக்குள், காலை ஏழிலிருந்து எட்டு. தணிகை ஓட்டுநர் இருக்கையில் டாஷ்போர்டைக் கையால் அடிக்கிறான், நான் பக்கத்தில் இரட்டைப் பெடல் பூட்டிய பலகையை வைத்து மிதிக்கிறேன். ஆளுக்கொரு காதில் ஒயர். டக் டக் என்று ஒரே எண்ணிக்கை இருவருக்கும் ஓடும். அவன் அதை விட்டு இம்மி நகருவதில்லை. நான் உணர்ச்சிவசப்பட்டால் முன்னால் ஓடிவிடுகிறேன். 2002லேயும் இதே புகார்.

மொத்தம் பதினோரு பாட்டு. நாலு பாட்டு தாங்குகிறேன்.

ஏப்ரல் 5, சனி

கெண்டைக்கால் இரண்டும் பூசணிக்காய். பிலோ தைலம் தேய்த்துவிட்டாள். காரணம் கேட்பாள் என்று ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். கேட்கவில்லை. நல்ல பொய், வீணாகிவிட்டது.

ஏப்ரல் 9, புதன்

எனக்கு ஒரு ரகசியத்தை வைத்துக்கொண்டு பழக்கமில்லை. எங்கள் தெருவில் யாருக்குப் பெண் பார்க்கிறார்கள் என்று மாப்பிள்ளைக்கு முன்பே தெரிவது எனக்குத்தான். இன்று முடிவெட்டும் கடையில் கொள்ளிவாய்ப் பேச்சு வந்தது. முடிவெட்டுகிறவர், “அந்தத் தணிகை காலு மெஷினு சார்” என்றார். எனக்கு நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. இரண்டு நிமிட வேலைதான் என் தலையில். சீக்கிரம் எழுந்து வந்துவிட்டேன்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

எட்டுப் பாட்டு. ஓலையை ஆட்டிக்கொண்டு ஊர்வலம் போகும்போது காலில் ஏழாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் போன பாட்டியம்மா திரும்பி, ஒன்றுக்கு வருதா தம்பி என்றார்.

ஏப்ரல் 16, புதன்

இன்று பதினொன்றும். கடைசிப் பாட்டின் முடிவில் அவன் கையும் என் காலும் ஒன்றாக நின்றன; ஒரு மயிரிழை பிசகு இல்லை. காரின் கண்ணாடியெல்லாம் ஆவி.

தணிகை சொன்னான்: “அந்த வருஷம் ஈஸ்டர் முடிஞ்ச திங்கக்கெழம ரிகர்சல் இருந்துது ஞாபகமிருக்கா? நீ வருவேன்னு நான் ஸ்டூல விட்டு எழுந்து நின்னுக்கிட்டிருந்தேன்டா. ஒரு மணி நேரம். கோதண்டம் திட்டித்தான் உக்காந்தேன்.”

எட்டு மணி வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

உபவாசம். பயிற்சி இல்லை.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

நேற்று இரவு திருவிழிப்புப் பூசையில் சீட்டுகளை எல்லாம் நெருப்பில் போட்டார் ஃபாதர். நம்மால் முடியாததை ஆண்டவர் எரித்துக்கொள்வார் என்றார். என்னுடையது நன்றாக எரிந்திருக்கும், உள்ளே சரக்கு அதிகம்.

ஏப்ரல் 21, திங்கள்

இந்த டைரியில் எழுதியிருந்த ஒரே பக்கம் இதுதான். நாற்பது நாளாக இந்தப் பக்கம் வரும் என்று தெரியும். 2003 ஏப்ரல் 21இல் நீலப் பேனாவில் ஒரே வார்த்தை: ‘போகவில்லை.’

சரி, எழுதிவிடுகிறேன். மீதி இடம் இருக்கிறது.

“இன்னும் ஒரு ஷோ அவனே வாசிக்கட்டும்” என்று கோதண்டம் சொல்லவே இல்லை. அவன் அப்படிச் சொன்னான் என்று ஊர் முழுக்கச் சொன்னது நான். அன்று ரிகர்சல் ஆறு மணிக்கு. ஐந்தரைக்குக் குளித்துக் கிளம்பிவிட்டேன். கிளம்பும்போது பெங்களூர் கச்சேரியின் கேசட்டைப் போட்டுக் கேட்டேன், என் பாட்டுகளை எவ்வளவு கெடுத்திருக்கிறான் என்று பார்க்கலாமே என்று. நான் வாயால் சொன்னதையெல்லாம் அப்படியே வாசித்திருந்தான். நான் வாயால் சொன்னதற்கும் நான் கையால் வாசித்ததற்கும் நடுவில் ஒரு தூரம் எப்போதும் இருக்கும். மனசில் இருப்பது கையில் வராது. அவனுக்கு வந்துவிட்டது. இரண்டு பக்கமும் கேட்டேன். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, அம்மாவுக்குக் கஞ்சி வைத்தேன்.

ஒருவன் நம் இடத்தைப் பிடுங்கிக்கொண்டால் வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி ஆறலாம். பிடுங்காமலே அவன் அதற்குப் பொருத்தமாக இருந்தால் என்ன செய்வது?

ஏப்ரல் 24, வியாழன்

முழுக்குழு ரிகர்சல். கோதண்டம் என்னைக் கட்டிப்பிடித்தான். பிறகு ஒரு பெட்டியைக் காட்டித் தூக்கச் சொன்னான். தணிகையின் பின்னால், துணி மறைவில், அரிசி மூட்டை உயரத்துக்கு ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன். உதவியாளுக்கு அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. பாடுகிறவன் வாழ்நாளில் பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை. அவன் பார்ப்பது ஜனத்தையும் தன் நிழலையும்தான்.

பஷீர் மிக்ஸரிலிருந்து என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினான். காசு கொடுத்துக்கூட அந்த விரலை எங்கும் வாங்க முடியாது.

ஏப்ரல் 27, ஞாயிறு

நேற்று முடிந்தது.

முதலில் அங்கிருந்து தெரிந்ததை எழுதுகிறேன்: ஒன்றும் தெரியவில்லை. கறுப்புத் துணியில் ஒரு சின்ன ஓட்டை. அதில் தணிகையின் முதுகும் நட்டுவைத்த கூந்தலும். சத்தம் மட்டும் வந்தது. நாலாயிரம் பேர் ஒரே நேரத்தில் கத்தினால் அது காதில் விழுவதில்லை, உட்கார்ந்திருக்கும் பலகையில் ஏறுகிறது.

ஐந்து பாட்டு வரை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறாவதில் எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒன்பதாவது எங்கள் முதல் பாட்டு, நான் கட்டியது. அதில் நடுவே எட்டு எண்ணிக்கைக்கு டிரம்ஸ் மட்டும். நேற்று அந்த இடத்தில் என் கால் திட்டத்தில் இல்லாத ஒன்றைப் போட்டது. 2002இல் மனசில் இருந்து, ஒரு நாளும் வராமலே போனது. போட்ட பிறகுதான் தெரிந்தது, போட்டுவிட்டேன் என்று. தணிகை வழி தவறிவிடுவான் என்று உயிர் போயிற்று. அவன் முதுகு ஒரு நொடி நிமிர்ந்தது. அடுத்த எட்டில் அவன் கை அதையே திருப்பிச் சொன்னது. நான் இன்னொன்று போட்டேன். அவன் அதற்கும் பதில் சொன்னான். எட்டு முப்பத்திரண்டாக நீண்டது. கோதண்டம் மைக்கை வைத்துக்கொண்டு காத்திருந்தான், அவன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக.

ஜனம் எழுந்து நின்று “கால்! கால்! கால்!” என்று கத்தியது. தணிகை எழுந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு கையை உயர்த்தினான். விளக்கு முழுக்க அவன்மேல். ஓட்டை வழியாக அதைப் பார்த்தேன். நாற்பத்தேழு வயதில் ஒருவனுக்கு இப்படியொரு பொறாமை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். துணியை ஒரு இழு இழுத்தால் போதும்; கிளிப் போட்டுத்தான் மாட்டியிருந்தது. கையை வைத்தேன் என்றும் எழுதிவிடுகிறேன்.

பத்தாவது பாட்டுக்கு எண்ணிக்கை ஓட ஆரம்பித்துவிட்டது. காலுக்கு வேலை வந்துவிட்டது.

வீட்டில் பிலோ என் காலைத் தன் மடியில் போட்டுத் தைலம் தேய்த்துக்கொண்டே நிகழ்ச்சியை விவரித்தாள். முதல் வரிசைக்கு டிக்கெட் எடுத்திருந்தாளாம், என்னிடம் சொல்லாமல். “தணிகை சார் காலு இருக்கே, அப்பா. அந்தப் பழைய பாட்டுல ஒண்ணு போட்டாரே, அதுக்கு ஊரே எழுந்து நின்னுச்சு. அந்தக் கால கண்ணுல ஒத்திக்கலாம்” என்றாள். சொல்லிக்கொண்டே ரொம்ப நேரம் தேய்த்தாள். இத்தனை வருடத்தில் அவ்வளவு பதமாகத் தேய்த்ததில்லை. தணிகையைப் புகழ்கிற சந்தோஷத்தில் என் கால் பலனடைந்தது என்று வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 28, திங்கள்

தணிகை வகுப்புக்கு வரவில்லை. இன்றைய பேப்பரில் அவன் படம், இந்த முறை முக்கால் பக்கம். ‘நாற்பத்து நான்கு வயதில் புதுப் பிறவி எடுத்த கால்கள்’ என்று போட்டிருக்கிறார்கள். அந்தப் பழைய பாட்டின் நடுவே வந்த முப்பத்திரண்டு எண்ணிக்கையைப் பற்றி மட்டும் ஒரு பத்தி. எழுதியவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு வார்த்தையும் சரி, பெயர் மட்டும்தான் வேறு. மீன் வாங்கவில்லை; பக்கத்தை மடித்து பீரோவில் வைத்தேன்.

பதினோரு மணிக்குக் கோதண்டம் போன் செய்தான். குழுவோடு பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறானாம். ஆகஸ்டில் ஹைதராபாத், அக்டோபரில் ஜெர்மனி என்று அடுக்கினான். பெங்களூர்ப் பையன் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். பெட்டி தூக்க வந்ததற்கு நன்றி சொன்னான். பிறகு அவனுக்குக் குறும்பு தலைக்கேறியது. அது எனக்கு இருபத்தைந்து வருடமாகத் தெரியும்.

“ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லணும். ஊரெல்லாம் என்னத் திட்டிக்கிட்டுத் திரியறியாமே, எடத்த புடுங்கிட்டேன்னு. முந்தாநாள் பின்னாடியே உக்காந்து பாத்தல்ல? அந்தக் கால் உனக்கு வருமாடா? இரு இரு, ஸ்பீக்கர்ல போடறேன். தணிகையும் இங்கதான் இருக்கான். இப்ப சொல்லு.”

தட்டு வைக்கும் சத்தம், யாரோ சிரிக்கும் சத்தம். பிறகு அதுவும் நின்றது. காரில் பக்கத்து இருக்கையில் சரோஜினி டீச்சர் இரண்டு காலையும் தயாராகத் தூக்கி வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

என் வாயைப் பற்றி எனக்குத் தெரியும். அது இதுவரை எதையும் உள்ளே வைத்துக்கொண்டதில்லை.

“வராதுடா” என்றேன்.

“சத்தமா.”

“வராது. அது தணிகை கால். எனக்கு அப்பவும் வரல, இப்பவும் வராது.”

கோதண்டம் மேஜையைத் தட்டிச் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். தணிகையின் சிரிப்பு எனக்குத் தெரியும், அது அதில் இல்லை. பிறகு அவன் போனுக்குப் பக்கத்தில் வந்து தொண்டையைச் செருமினான்.

“எட்வினு, நாளைக்கு கிளாஸ் இருக்கா?”

“ஏழு மணிக்கு வா” என்றேன். “பழசு போதும். ஜெர்மனிக்குப் புதுசு ஒண்ணு வெச்சிருக்கேன்.”

“எதுக்குடா ஜெர்மனிக்கு டிரைவிங்?” என்றான் கோதண்டம்.

“அங்க வலது பக்கமா ஓட்டணும்” என்று சொல்லிப் போனை வைத்தேன்.